நாய் பிஸ்கட் தொழில்: 2 லட்சத்துக்கு மெஷின் வாங்கலாமா?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். ஏழு மாதமாக வீட்டிலேயே நாய் பிஸ்கட் செய்து, தெரிந்தவர்களுக்கு விற்கிறேன். கோதுமை மாவு, ஓட்ஸ், ராகி, அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி), முட்டை, நிலக்கடலை அரைத்தது, இவ்வளவுதான் சேர்மானம். 150 கிராம் பை 150 ரூபாய். மாதம் 40 பை போகிறது. மாவு முதல் பை வரை ஒன்றுக்கு 35 ரூபாய் ஆகிறது. மீதி 115 ரூபாய் லாபம். சென்ற மழையில் மட்டும் 6 பை பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்தது, பணத்தைக் கொடுத்துவிட்டேன். இப்போது இரண்டு கடைக்காரர்கள் 30 சதவீதக் கழிவுக்குச் சரக்கு கேட்கிறார்கள். கன்வெக்ஷன் அடுப்பு 1,40,000, மாவு பிசையும் பிளானட்டரி மிக்ஸர் 38,000, உலர்த்தும் மெஷின் 22,000 என்று மொத்தம் 2 லட்ச ரூபாய்க்கு விலை வாங்கி வைத்திருக்கிறேன். வங்கியில் 3 லட்ச ரூபாய் எஃப்.டி. இருக்கிறது, சேமிப்புக் கணக்கில் 38,000. குடும்பச் செலவு மாதம் 45,000. கணவர் சம்பளம் மட்டுமே வருமானம். எஃப்.டி.யை உடைக்கலாமா, நகையை வைக்கலாமா, 14 சதவீதத்துக்குக் கிடைக்கும் தனிநபர் கடனை வாங்கலாமா? கேக் செய்வதற்காக எடுத்த எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு இருக்கிறது, அது போதுமா?

பதில்: மூன்றும் வேண்டாம். 22,000 ரூபாய் உலர்த்தியை மட்டும் சேமிப்புக் கணக்கிலிருந்து வாங்குங்கள். அடுப்பையும் மிக்ஸரையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்கள் தொழிலில் பணம் கசிவது அடுப்பு சிறியது என்பதால் அல்ல. பிஸ்கட்டுக்குள் தங்கும் ஈரத்தால்.

முதலில் அந்த 115 ரூபாயைப் பார்ப்போம். மாவும் சேர்மானமும் 23, பையும் லேபிளும் 12, ஆக 35 என்பது சரி. அதில் மின்சாரம் இல்லை. 60 லிட்டர் ஓ.டி.ஜி.யில் (வீட்டு மின்அடுப்பில்) சுட்டு, அதிலேயே வைத்து உலர்த்தினால் ஒரு ஈட்டுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். சுமார் மூன்றரை யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் 35 ரூபாய், ஈட்டுக்கு ஏழு பை என்றால் பைக்கு 5 ரூபாய். இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குச் சலுகையும் கைவிட்டுப் போகும், அதையும் கவனியுங்கள். ஆக அடக்கம் 40 ரூபாய். மழை மாதத்தில் 40 பைக்கு 1,600 செலவு. 6 பை போக 34 பைக்கு வரவு 5,100. ஸ்கூட்டர் பெட்ரோல் 600 என்று வையுங்கள். கையில் நிற்பது 2,900. நீங்கள் நினைத்த 4,600 அல்ல.

மாதம் ஆறு ஈடு, ஈட்டுக்கு இரண்டரை மணி நேரக் கைவேலை, அதோடு போன், டெலிவரி எல்லாம் சேர்த்து 30 மணி நேரமாவது போகும். மணிக்கு 97 ரூபாய். வீட்டுப் பெண்களின் தொழில் கணக்கில் எப்போதும் விடுபடும் வரி இதுதான். உங்கள் நேரத்துக்கு மணிக்கு 100 ரூபாய் என்று எழுதாத வரை எந்த விலையும் லாபமாகத்தான் தெரியும்.

இப்போது கடனைப் பாருங்கள். 2 லட்சம், 14 சதவீதம், மூன்று வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 6,835 ரூபாய். நேரடி விற்பனையில் பெட்ரோல் போக ஒரு பைக்கு 95 ரூபாய் நிற்கிறது. தவணைக்கு மட்டுமே 72 பை விற்க வேண்டும். கடை வழியாகப் போனால் 150-இல் கழிவு 45, அடக்கம் 40 போக 65தான். அப்போது 106 பை. உங்கள் கூலி இதில் ஒரு ரூபாய் இல்லை. நகைக்கடன் வட்டி குறைவாக இருக்கலாம். ஆனால் நகையை மீட்க வேண்டியதும் இந்த 2,900-இலிருந்துதான். எஃப்.டி. 3 லட்சம் என்பது உங்கள் குடும்பத்தின் ஆறரை மாதச் சாப்பாடு. ஒற்றைச் சம்பள வீட்டில் அதைத் தொடுவதற்குத் தொழில் ஆசை போதுமான காரணம் அல்ல.

எவ்வளவு விற்க முடியும் என்பதற்கும் ஒரு வரம்பு இருக்கிறது. தின்பண்டம் நாயின் ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொது அளவு. 25 கிலோ லேப்ரடாருக்கு நாளைக்கு சுமார் 1,250 கலோரி, அதில் 125. உங்கள் பிஸ்கட் கிராமுக்கு 3.8 கலோரி அளவில் இருக்கும் என்பதால் 33 கிராம். 10 கிலோ நாய்க்கு 16 கிராம்தான். அந்த அளவில் பெரிய நாய்க்கு ஒரு பை நாலைந்து நாள், சின்ன நாய்க்கு ஒன்பது நாள். தினமும் முழு அளவு கொடுப்பவர்கள் குறைவு. வீட்டுக்கு மாதம் இரண்டு பை என்று கணக்கிடுவதே நிதானம். 40 பை என்றால் 20 வீடு, 100 பை என்றால் 50 வீடு. 1,40,000 ரூபாய் அடுப்பு நிறைய வேலை செய்ய எத்தனை வீடு வேண்டும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இனி ஈரத்துக்கு வருவோம். கடைக்காரர் அலமாரியில் உங்கள் பை ஒன்றரை மாதம் இருக்கும். கெட்டால் உங்களிடமே திரும்பும். இப்போதைய பிஸ்கட் அதைத் தாங்காது. மேலே முறுமுறுவென்று இருந்தாலும் நடுவில் ஈரம் இருக்கிறது. பையை மூடியபின் அந்த ஈரம் மெல்ல வெளியே பரவி, ஒரு வாரத்தில் மேற்பரப்பும் நமுத்துப்போகும், அங்கேதான் பூஞ்சை. மழை அதற்குக் காரணமல்ல, வேகப்படுத்தியது மட்டும்.

ஈரம் போய்விட்டதா என்பதைக் கண்ணாலோ ஒடித்துப் பார்த்தோ நம்பாதீர்கள், தராசில் பாருங்கள். ஒரு ஈட்டுக்கு கோதுமை 500 கிராம், ஓட்ஸ் மாவு 300, ராகி 200, வேகவைத்து மசித்த அரசாணிக்காய் 350, நிலக்கடலை அரைத்தது 100, முட்டை 2, தேங்காய் எண்ணெய் 20, தண்ணீர் 100 மில்லி என்றால் பிசைந்த மாவு 1,670 கிராம் வரும். இதில் ஈரம் போக நிற்கும் திடப்பொருள் ஏறத்தாழ 1,050 கிராம். ஈரம் 8 சதவீதத்துக்கு இறங்க வேண்டுமானால் மொத்த எடை 1,140 கிராமுக்கு வந்தாக வேண்டும். 1,250-இல் எடுத்துவிட்டால் ஈரம் 16 சதவீதம். அதுதான் திரும்பி வந்த ஆறு பை. இதில் ஒரு சங்கடமும் உண்டு: ஈரத்தோடு விற்றால் எடை கூடி லாபம் போலத் தெரியும். சரியாக உலர்த்தினால் உடைசல் போக 1,080 கிராம், ஏழு பைதான் தேறும். உங்கள் 23 ரூபாய் அடக்கம் இந்த ஏழு பைக் கணக்குக்குத்தான் பொருந்தும்; எட்டாவது பை வந்தால் சந்தேகப்படுங்கள்.

செய்முறை இப்படி இருக்கட்டும். 6 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேயுங்கள். 8-ஐத் தாண்டினால் நடுப்பகுதி உலராது. ஒவ்வொன்றிலும் முள்கரண்டியால் இரண்டு மூன்று இடத்தில் குத்துங்கள், ஆவி போக வழி வேண்டும். 160 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டுச் சுடுங்கள். பிறகு உலர்த்தியில் 70 டிகிரியில் நாலைந்து மணி நேரம். ஒரு தட்டை எடை போட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போடுங்கள். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் முடிந்தது. கம்பி வலைமேல் வலைத்துணி மூடி இரண்டு மணி நேரம் ஆறவிட்டுத்தான் பையில் போட வேண்டும். வெதுவெதுப்பாகப் போட்டால் பையின் உள்பக்கம் வியர்க்கும். அதுவரை உலர்த்தியதெல்லாம் வீண்.

உலர்த்தி வந்தால் ஓ.டி.ஜி. சுடுவதற்கு மட்டும் பயன்படும், ஈட்டுக்கு அரை மணி. உலர்த்தியின் தட்டுகள் கொள்ளுமானால் ஒரே நாளில் நாலு ஈடு, 28 பை. பிசைவதும் கழுவுவதும் ஒரே மூச்சில் முடிவதால் கைவேலை ஏழு மணி நேரத்தில் அடங்கும். மின்செலவும் பைக்கு 5-இலிருந்து 3 ரூபாய்க்கு இறங்கும். மிக்ஸர் எதற்கு? கோவை வீட்டில் டேபிள்டாப் கிரைண்டர் இல்லாமல் இருக்காது. அதற்கு மாவு பிசையும் இணைப்பு தனியாகக் கிடைக்கிறது, ஒரு கிலோ மாவை அது தாங்கும்.

அடுத்த கட்டக் கணக்கு: மாதம் 100 பை, 70 நேரடி, 30 கடை. வரவு 10,500 கூட்டல் 3,150, ஆக 13,650. தடித்த பையும் ஈரமுறிஞ்சியும் சேர்த்துப் பைக்கு 41 ரூபாய், ஆக 4,100. பெட்ரோல் 1,000. மூன்று பை வீண் என்று 450 கழியுங்கள். 8,100 நிற்கும். நேரம் 48 மணி, மணிக்கு 169 ரூபாய். இப்போதைய 2,900-ஐவிடக் கூடுதலாக வருவது 5,200. அந்த விற்பனையை எட்டியதிலிருந்து நாலைந்து மாதத்தில் உலர்த்தியின் விலை திரும்பிவிடும். கடைக்கு முதல் இரண்டு மாதம் 10 பைக்கு மேல் கொடுக்காதீர்கள். 'வித்தபிறகு காசு' என்பவரிடம் இன்னும் குறைவாக.

ஈரமுறிஞ்சியில் ஒரு எச்சரிக்கை. சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம். ஆக்சிஜன் உறிஞ்சி என்று விற்பதில் இரும்புத்தூள் இருக்கும். நாய் பொட்டலத்தோடு விழுங்கினால் இரும்பு நஞ்சாகும். அது வேண்டாம். நிலக்கடலையில் சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதையும் சேர்க்காதீர்கள்: அதில் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு நாயின் ஈரலைத் தாக்கும், அடுப்புச் சூட்டிலும் முழுதாக அழியாது. கடையில் வாங்கும் பீனட் பட்டரில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் இருக்கலாம். அது நாய்க்கு விஷம். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவை எந்த வாடிக்கையாளர் கேட்டாலும் கிடையாது. பூஞ்சை பிடித்த பைக்குப் பணத்தைத் திருப்பியதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறைபாடுள்ள பொருளால் வரும் பாதிப்புக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. எந்த ஈடு எந்தத் தேதி, யாருக்குப் போனது என்று நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு பையை எடுத்து வையுங்கள். கடைக்குப் போகும் முன், புதிய பை ஒன்றையும் 30 நாள் வைத்த பை ஒன்றையும் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் கொடுத்து ஈரப்பதமும் நீர்ச்செயல்பாடும் (பூஞ்சை வளரக் கிடைக்கும் ஈரத்தின் அளவு) பார்க்கச் சொல்லுங்கள். நீர்ச்செயல்பாடு 0.65-க்குக் கீழே வர வேண்டும். அந்தக் கட்டணமும் முதலீடுதான்.

கோழி பிஸ்கட்டும் கேட்பார்கள். கொஞ்ச நாள் பொறுங்கள். உலர்த்தியின் சூட்டை மட்டும் நம்பி இறைச்சி செய்யக் கூடாது. உள்சூடு 74 டிகிரியைத் தொட்ட பிறகே உலர்த்த வேண்டும். கொழுப்பு சிக்குவாடை பிடிப்பதால் ஆயுளும் குறைவு.

பதிவு விஷயம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'உணவு' என்றால் மனிதர் உண்பது. கால்நடைத் தீனி அதில் சேராது. ஆகவே கேக்குக்கு வாங்கிய 14 இலக்க எண்ணை நாய் பிஸ்கட் பையில் அச்சிடாதீர்கள். அது இல்லாத உரிமத்தைக் காட்டுவதாகும். உங்களுக்குத் தேவை சட்டமுறை எடையளவுப் பதிவு. பொட்டலம் போட்டு விற்பவர் தொடங்கிய 90 நாளுக்குள் பதிய வேண்டும். ஏழு மாதமாகிவிட்டதால் இந்த வாரமே தொழிலாளர் துறையின் கீழுள்ள எடையளவு அலுவலகத்தில் கேளுங்கள். கட்டணம் 500 ரூபாய். பையில் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதம் வருடம், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, கிராமுக்கு என்ன விலை, புகாருக்கான தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். தராசும் முத்திரையிட்டதாக இருக்கட்டும். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஜி.எஸ்.டி.யில்தான் கோவைக்காரர்கள் சறுக்குவார்கள். சில்லறைக்குப் பொட்டலமிட்ட நாய் உணவுக்கு 18 சதவீதம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் வருட விற்பனை 40 லட்சம் வரை பதிவே வேண்டாம். ஆனால் வேறு மாநிலத்துக்கு விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். வாளையார் தாண்டிப் பாலக்காட்டுக்கு ஒரு பை கூரியரில் போனாலும் இது பொருந்தும். பதிவு செய்துவிட்டால் 150 ரூபாயில் 23 ரூபாய் வரி. உள்ளீட்டு வரியாக, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிய வரியாக, திரும்புவது கொஞ்சம்தான். சிறு வியாபாரிகளுக்கான கலவை வரித் திட்டத்தில் (காம்போசிஷன்) விற்பனையில் ஒரு சதவீதம் கட்டலாம், ஆனால் அதில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. பெங்களூரு ஆர்டர் வருகிறதே என்று சபலப்பட வேண்டாம்; 150 ரூபாய் விலையில் அது உங்களுக்குக் கட்டுப்படியாகாது.

தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கும் தனி யு.பி.ஐ. கியூஆரும் வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பிலிருந்து எடுத்த 22,000-ஐ மாதம் 3,000 வீதம் அந்தக் கணக்கிலிருந்தே வீட்டுக்குத் திருப்புங்கள். எட்டு மாதத்தில் முடியும். உலர்த்தி வாரம் நாலு நாள் நிறைந்து ஓடி, அப்படியே மூன்று மாதம் தொடர்ந்து, ஆர்டரைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தால் அடுப்பைப் பற்றி எழுதுங்கள். அன்றைக்கும் எஃப்.டி.யை உடைக்க வேண்டியிருக்காது. அதன்மேலேயே வங்கி கடன் கொடுக்கும். வட்டி பெரும்பாலும் எஃப்.டி. வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதல். 50,000 வரை போதும் என்றால் சிறுதொழிலுக்கு மத்திய அரசுத் திட்டத்தில் கிடைக்கும், அடமானம் இல்லாத முத்ரா சிசு கடனும் இருக்கிறது.