கப்பில் குமிழி, ஒரு பக்கம் சாயும் தூறல்: ஏர்பிரஷ்ஷுக்கு என்ன கோளாறு?

கேள்வி: கொலு பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறேன். கன்னச் சிவப்புக்கும் சேலை மடிப்பின் நிழலுக்கும் காற்றால் வண்ணத்தைத் தூறலாக அடிக்கும் ஏர்பிரஷ் வைத்திருக்கிறேன். அதன் நாசில், அதாவது வண்ணம் வெளிவரும் நுனிப் பாகம், 0.3 மி.மீ. துளை உள்ளது. அக்ரிலிக் வண்ணம்தான். சில வாரங்களாகக் கப்பில் குமிழி கிளம்புகிறது. வண்ணம் விட்டுவிட்டுத் துப்புகிறது, தூறலும் ஒரு பக்கமாகச் சாய்கிறது. சுத்தமாகட்டும் என்று கருவியை முழுதாக ஓர் இரவு தின்னரில் ஊறப்போட்டேன். இப்போது டிரிகரை அழுத்தினால் மேலே எழும்புவதில்லை. புதிதுதான் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்களிடம் இருப்பது மூன்று தனித்தனிக் கோளாறுகள். குமிழியும் சாய்வும் பழையவை. டிரிகர் சிக்கல் அந்தத் தின்னர் கொடுத்தது. மூன்றையும் சிறு பாகங்களை மாற்றியே சரிசெய்துவிடலாம். ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் கருவி என்ன சொல்கிறது என்று பாருங்கள். வண்ணத்தால் கெட்ட ஏர்பிரஷ்களைவிட, அவசரப்பட்டுக் கழற்றியதால் கெட்டவைதான் அதிகம்.

முதலில் குமிழி. காற்று நாசிலின் வெளிப்புறத்தைச் சுற்றி வந்து நுனியில் வேகமாக வெளியேறுகிறது. அந்த இழுப்பில்தான் வண்ணம் வெளிவருகிறது. நாசிலுக்குள் காற்று நுழையக் கூடாது. நுழைந்தால் அது வண்ணப் பாதை வழியே பின்னோக்கி ஏறிக் கப்பில் குமிழியாக வெடிக்கும். வண்ணத்தோடு காற்றும் கலந்து வருவதால்தான் துப்பல். காற்று அப்படி நுழைய வழிகள் சிலவே: நாசில் மூடி தளர்ந்திருக்கலாம், நாசில் அமரும் இடத்தில் கசிவு இருக்கலாம், நுனியில் காய்ந்த வண்ணம் அடைத்திருக்கலாம், அல்லது நாசிலே விரிசல் விட்டிருக்கலாம்.

இந்த வரிசையிலேயே சோதியுங்கள். மூடியைக் கையால் இறுக்கி, கப்பில் வெறும் தண்ணீர் விட்டு அடித்துப் பாருங்கள். குமிழி நின்றால் வேலை முடிந்தது. நிற்கவில்லையா, நாசிலைக் கழற்றி அதை மட்டும் தின்னரில் ஊறவிடுங்கள். அது வெறும் உலோகம், தின்னர் ஒன்றும் செய்யாது. பிறகு டிஷ்யூ காகிதத்தைக் கூராக முறுக்கி, பின்பக்கத்திலிருந்து விட்டுத் திருகி எடுங்கள். தையல் ஊசி, குண்டூசி, கம்பி எதையும் உள்ளே விடாதீர்கள். துளை ஒருமுறை நீள்வட்டமாகிவிட்டால் அந்த நாசில் குப்பைக்குத்தான்.

சுத்தமான நாசிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நகைத் தொழிலாளர் கண்ணில் வைக்கும் லென்ஸால் நுனியைப் பாருங்கள். துளையின் விளிம்பு சீரான வட்டமாக இருக்க வேண்டும். விளிம்பு நாதஸ்வர அணைசு போல வெளியே விரிந்திருந்தாலோ, ஓரத்தில் மயிரிழைக் கோடு தெரிந்தாலோ, கருவியின் நடுவே ஓடி நாசில் துளையை மூடித் திறக்கும் ஊசியை யாரோ அழுத்திச் செருகியிருக்கிறார்கள் என்று பொருள். இதற்கு வைத்தியம் இல்லை, புது நாசில்தான்.

நாசிலைத் திரும்பப் பொருத்தும்போது கவனம். உங்களுடையது திருகு மரையுள்ள சிறிய வகையாக இருந்தால், கையால் இறுகும்வரை திருகிவிட்டு ஸ்பேனரால் ஒரு சிட்டிகை மட்டும் கூட்டுங்கள். அதற்கு மேல் போனால் கழுத்து முறிந்து, மரை உள்ளேயே தங்கிவிடும். அப்படித் தங்கிவிட்டால், கூம்பு வடிவ மெல்லிய ரீமரை (துளையைச் சுரண்டும் கருவி) மெதுவாகச் செருகி இடப்பக்கம் திருகினால் பெரும்பாலும் வந்துவிடும். கசிவு லேசாகத் தொடர்ந்தால் மரையில் துளி தேன்மெழுகு தடவலாம். மரையில் மட்டும், துளைப்பக்கம் போய்விடக் கூடாது.

அடுத்தது சாய்வு. குற்றவாளி ஊசியா நாசிலா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. காகிதத்தில் ஒரு புள்ளி அடியுங்கள். பின்புற நட்டைத் தளர்த்தி ஊசியை அரைச் சுற்று திருப்பி, மீண்டும் இறுக்கி, அதே இடத்திலிருந்து இன்னொரு புள்ளி அடியுங்கள். சாய்வும் எதிர்ப்பக்கம் திரும்பினால் ஊசி நுனி வளைந்திருக்கிறது. சாய்வு இருந்த பக்கமே நின்றால் நாசிலோ மூடியோ காரணம்.

வளைந்த ஊசியைத் தூக்கி எறிய வேண்டாம். நுனியை நகத்தின் மேல் லேசாக இழுத்தால் கொக்கி இடறுவது தெரியும். கண்ணாடித் தகட்டின் மேல் ஊசியைப் படுக்கவைத்து, வால்பக்கத்தை இம்மியளவு தூக்கி, நுனியை விரலால் மெல்ல அழுத்தியபடி உருட்டிக்கொண்டே பின்னோக்கி இழுங்கள். கொக்கி நிமிர்ந்ததும் 2000 நம்பர் நீர்க்காகிதத்தில் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) ஊசியை உருட்டி வழவழப்பாக்கி, உலோகப் பாலிஷ் போட்டுத் துடைத்துவிடுங்கள். சொரசொரப்பு இருந்தால் அக்ரிலிக் அங்கேயே ஒட்டிக் காயும். நுனி உடைந்து மழுங்கியிருந்தால் மட்டும் புது ஊசி வாங்குங்கள்.

இனி டிரிகர். தின்னர் உலோகத்தையும் டெஃப்ளானையும் விட்டுவிடும், ரப்பரை விடாது. டிரிகரின் கீழே, காற்றுக்குழாய் இணையும் இடத்தில் உள்ள வால்வுத் தண்டைச் சுற்றி ஓ-ரிங் என்ற சிறு ரப்பர் வளையம் இருக்கும். அது உப்பித் தண்டைக் கவ்விக்கொண்டிருக்கிறது. அங்கே கழற்றினால் ஸ்பிரிங் துள்ளி விழும், ஆகவே ஒரு தட்டின் மேல் வைத்து, ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் வரிசையைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டே செய்யுங்கள். தண்டைத் துடைத்து, புது ஓ-ரிங் போட்டு, ஏர்பிரஷ்ஷுக்கென்றே விற்கும் மசகை ஒரு துளி இடுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், சிலிக்கான் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். எண்ணெய்ப் பசை காற்றோடு போய்ப் பொம்மையின் முகத்தில் விழுந்தால் அந்த இடத்தில் வண்ணம் ஒட்டாமல் வட்டவட்டமாக விலகும். இனி வண்ணம் டிரிகர் பக்கம் கசியத் தொடங்கினால், ஊசியைச் சுற்றி வண்ணம் பின்னால் போகாமல் தடுக்கும் பேக்கிங்கையும் பாருங்கள். சில மலிவான மாடல்களில் அதுவும் ரப்பர்தான்.

இனி அன்றாடச் சுத்தம். வண்ணம் மாற்றும்போதெல்லாம் கழற்ற வேண்டாம். மீதியைக் கொட்டி, கப்பைத் துடைத்து, தண்ணீர் விட்டு அடியுங்கள். பிறகு நாசில் மூடியை அரைச் சுற்று தளர்த்தி, குறைந்த காற்றில் சில நொடிகள் அழுத்துங்கள். முதலில் கோளாறாக வந்த அதே குமிழி இப்போது உள்ளிருக்கும் கசடைக் கிளப்பித் தரும். அதைக் கொட்டி, மூடியை இறுக்கி, தண்ணீர் நிறமின்றி வரும்வரை அடியுங்கள். ஈரம் காயாத அக்ரிலிக்குக்குத் தண்ணீரே போதும், காய்ந்ததற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். கண்ணாடி துடைக்கும் திரவத்தைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். அம்மோனியா கலந்ததைப் பித்தளைப் பாகத்தில் ஊறவிடுவது நல்லதல்ல என்பது என் எண்ணம். அதை எக்காரணம் கொண்டும் பிளீச்சிங் திரவத்தோடு கலக்காதீர்கள், நச்சு வாயு வரும்.

ஊசியை வேலை முடிந்த பிறகுதான் உருவ வேண்டும், அதுவும் தண்ணீர் அடித்த பிறகு. வண்ணத்தோடு பின்னால் இழுத்தால் அது பேக்கிங் வழியே டிரிகர் வரை போய்க் காய்ந்துகொள்ளும். துடைக்கும்போது வாலிலிருந்து நுனி நோக்கித் துடையுங்கள். எதிர்த்திசையில் போனால் விரலில் குத்தும், நுனியும் வளையும். திரும்பச் செருகும்போது தானாக நிற்கும் இடத்தில் விட்டுவிடுங்கள்.

கடைசியாக உங்கள் வண்ணத்தைப் பற்றி ஒரு சந்தேகம். நகைக்கும் கிரீடத்துக்கும் தங்க வண்ணத்தை இதே நாசிலில் அடிக்கிறீர்களா? அதிலுள்ள உலோகத் தூள் 0.3 மி.மீ. துளையை அடைத்துவிடலாம். அதற்கு 0.5 மி.மீ. நாசில் உள்ள கருவியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த வண்ணமானாலும் பழைய நைலான் துணியில் வடிகட்டிய பிறகே கப்பில் ஊற்றுங்கள். காற்றழுத்தம் கம்ப்ரசர் மீட்டரில் 20 பிஎஸ்ஐ அளவில் இருந்தால் போதும். மழைக்காலத்தில் கம்ப்ரசர் தொட்டியில் தேங்கும் நீரைத் தினமும் திறந்துவிடுங்கள். அந்த நீர்த்துளி வரும்போதும் ஏர்பிரஷ் துப்பத்தான் செய்யும், அதற்கு நாசிலைக் குறை சொல்ல முடியாது. பாகங்கள் வாங்கும்போது பழைய ஊசியையும் நாசிலையும் கையோடு கொண்டுபோங்கள். அளவு ஒன்றாக இருந்தாலும் ஒரு நிறுவனத்தின் நாசில் இன்னொன்றில் மரை சேராமல் போகலாம்.