எச்.ஐ.வி.: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: தொற்று உள்ளவரைக் கடித்த கொசு என்னையும் கடித்தால் எச்.ஐ.வி. வருமா?

பதில்: வராது. கொசுவின் உடலில் இந்த வைரஸ் பெருகுவதில்லை.

கேள்வி: உடன் பணிபுரிபவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறதாம். ஒரே கழிப்பறையை, ஒரே டம்ளரைப் பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம். இரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றின் வழியாகவே தொற்று பரவுகிறது. எச்சிலாலும் வியர்வையாலும் பரவுவதில்லை. "இருக்கிறதாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செய்தியை உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: சில நாள்களுக்கு முன்பு ஆணுறை இல்லாமல் உறவு கொண்டேன். தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா? இரத்த தானம் செய்தால் முடிவு தெரிந்துவிடும் என்கிறான் நண்பன்.

பதில்: சில நாள்கள் என்றால் இரண்டா, இருபதா? தேதி எழுதாமல் இப்படிக் கேட்பவர்கள் மாதந்தோறும் இருக்கிறார்கள். எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி கிடையாது. தொற்றைத் தடுக்க 28 நாள்கள் உட்கொள்ளும் மாத்திரைகள் உண்டு. அவற்றை 72 மணி நேரத்துக்குள், இயன்றால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும் என்பதால், அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. மருந்து வழங்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்கோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ அன்றே ஓட வேண்டியவர் எனக்குக் கடிதம் எழுதி, அது வந்து சேர்ந்து, பதில் அச்சாகும் வரை காத்திருப்பதை என்னவென்று சொல்வது? கெடு கடந்திருந்தால், அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை நிலையமான நம்பிக்கை மையத்தில் இலவசமாக, இரகசியமாகச் செய்யப்படும் பரிசோதனைதான் வழி. தொடக்க வாரங்களில் 'இல்லை' என்று வரும் முடிவை நம்பிவிடாமல், மூன்று மாதம் கழிந்தபின் மீண்டும் பரிசோதியுங்கள். அதுவரை ஆணுறை கட்டாயம். சோதனைக்காக இரத்த தானம் செய்யவே கூடாது: புதிய தொற்று இரத்த வங்கியின் பரிசோதனையிலும் தப்பிவிடக்கூடும், உங்கள் இரத்தத்தைப் பெறுபவர் ஒரு பாவமும் அறியாதவர். இதை எத்தனை முறை எழுதினாலும் அந்த நண்பன் படிப்பதில்லை.

கேள்வி: எனக்குத் தொற்று உள்ளது, ஐந்து மாதக் கர்ப்பம். குழந்தைக்கும் வருமா?

பதில்: சிகிச்சையே இல்லாவிட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தைக்கு வரலாம். நீங்கள் நாள் தவறாமல் மாத்திரை உட்கொண்டு, மருத்துவமனையில் பிரசவித்து, பிறந்ததும் குழந்தைக்கும் மருந்து கொடுத்தால், அது நூற்றில் ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலையும் புட்டிப்பாலையும் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: மருந்து உட்கொள்ளும் என் கணவரின் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் உள்ளது. என்னைத் தொற்றுமா?

பதில்: அந்நிலை ஆறு மாதம் நீடித்து, அவர் மாத்திரையையும் விடாதிருந்தால், உடலுறவால் தொற்றாது. பிற பால்வினை நோய்களுக்கு இது பொருந்தாது.