ஏஜென்ட் நீட்டும் ஒப்பந்தம்

கேள்வி: வாங்குவதற்கு வீடு தேடுகிறேன். வீடு காட்டுவதற்கு முன்பே ஏஜென்ட் ஓர் ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்து கேட்கிறார். போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் எடுத்துப்போய் நிதானமாகப் படித்துவிட்டு. ‘பிரத்யேக’ (அதாவது, இவர் ஒருவர் மூலம் மட்டுமே) என்ற சொல் இருந்தால் உஷார். நாளைக்கு உங்கள் மச்சான் சொல்லி நீங்களே ஒரு வீட்டைப் பிடித்தாலும் இவருக்குக் கமிஷன் கொடுக்க வேண்டி வரலாம். அப்புறம் காலக்கெடு. 6 மாதம் என்று அச்சடித்திருந்தால் அதை அடித்து 2 மாதம் என்று எழுதி, பக்கத்திலேயே இருவரும் கையெழுத்திடுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகு அவர் காட்டிய வீட்டை வாங்கினாலும் கமிஷன் உண்டு என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கலாம். நியாயம்தான், ஆனால் எத்தனை நாள் வரை, எந்தெந்த வீடுகளுக்கு? சரி, விற்பவரிடமும் அவர் கமிஷன் வாங்குகிறாரா? இதைக் கேட்கத்தான் பலரும் கூச்சப்படுகிறார்கள். அங்கேயும் கமிஷன் வாங்கினால், பேரத்தில் அவர் யார் பக்கம் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.