தை மாத முன்பணமும் வாசலில் நிற்கும் இரண்டு வண்டிகளும்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 41. போச்சம்பள்ளி பக்கம் மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து, மாங்கூழ் ஆலைகளுக்குக் காய் அனுப்புகிறேன். செலவு போக ஆண்டுக்கு 22 லட்சம் நிற்கும். கார்த்திகையில் புதுமனை புகுவிழா நடந்தது. அதையொட்டி இரண்டு வண்டிகள் வாங்கினேன். ஒன்று ஜெர்மன் சொகுசுக் கார். ஷோரூம் விலை 60 லட்சம். வங்கிக் கடன் 55 லட்சம், வட்டி 9 சதவீதம், 7 ஆண்டு. மற்றொன்று 1968-ஆம் ஆண்டு மஹிந்திரா ஜீப். ஆறரை லட்சம் ரொக்கமாகக் கொடுத்தேன். என் அப்பா இதே மாதிரி ஜீப்பைத்தான் ஒரு தோப்பு முதலாளிக்கு 20 ஆண்டு ஓட்டினார். விழாவுக்கு வந்தவர்கள் இரண்டு வண்டிகளையும் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இப்போது தை பிறக்கப்போகிறது. தோப்புக்காரர்களுக்கு முன்பணம் கொடுக்கக் கையில் பணமில்லை. 15 லட்சம் வைப்பு நிதி இருக்கிறது, தொட மனமில்லை. ஜீப் பழைய இரும்பு, அதை விற்றுவிடு என்கிறார்கள் நண்பர்கள். காரைத் தொழில் கணக்கில் காட்டினால் வரி மிச்சம் என்கிறார் ஒருவர். எதை விற்பது? விற்றால் ஊர் என்ன சொல்லும்?

— பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: ஜீப்பை வைத்துக்கொள்ளுங்கள். காரை விற்றுவிடுங்கள், தை முடிவதற்குள். நண்பர்கள் சொல்வதற்கு நேர் எதிராகச் சொல்கிறேன் என்பதால் கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன்.

60 லட்சம் ரூபாய்க் காருக்கு நீங்கள் கொடுத்தது 60 லட்சம் அல்ல. 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 20 சதவீதம். அதுவே 12 லட்சம். காப்பீடும் சேர்ந்தபோது மொத்தம் 74 லட்சத்தைத் தாண்டியிருக்கும். கடன் போக மீதி ஏறக்குறைய 20 லட்சம் உங்கள் கையிலிருந்து போனது. அதுதான் தோப்புக்கு வைத்திருந்த முன்பணம் என்று உங்கள் கடிதத்தின் வரிகளுக்கு நடுவே தெரிகிறது. பழைய கார் வாங்க வருகிறவர் அந்த வரிக்கு விலை போட மாட்டார். ஒன்று மட்டும் திரும்பி வரும்: 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஷோரூமில் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடித்திருப்பார்கள். அந்த 60,000 ரூபாயை வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள்.

மாதத் தவணை சுமார் 88,500 ரூபாய். ஏழு ஆண்டில் வட்டி மட்டும் 19 லட்சத்துக்கு மேல். ஆனால் எனக்குக் கவலை தருவது தொகையைவிட அது வரும் நாள்தான். உங்கள் வருமானம் சித்திரைக்குப் பிறகு தொடங்கி ஆடியோடு முடிந்துவிடுகிறது. தவணையோ பன்னிரண்டு மாதமும் அதே தேதியில் வந்து நிற்கும். மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்துகிற கடன் இது. பூ பார்த்துப் பணம் போட்டு, காய் இறங்கும் வரை காத்திருக்கிறவருக்குப் பொருந்தாது. 2025 பருவத்தில் பெங்களூரா மாங்காயின் விலை எப்படி விழுந்தது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அப்படி ஒரு பருவம் மறுபடி வந்தால் எதிலிருந்து கட்டுவீர்கள்?

இனி மூன்று ஆண்டு கழித்து நிலைமை என்ன என்று பாருங்கள். 36 தவணையில் ஏறக்குறைய 32 லட்சம் கட்டியிருப்பீர்கள். அப்போதும் கடன் பாக்கி 35.5 லட்சம் இருக்கும். காப்பீட்டு விதிப்படி மூன்று ஆண்டு தாண்டிய வண்டிக்கு 40 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். மீதி மதிப்பு 36 லட்சம். சந்தையில் அதற்கும் குறைவாகக் கேட்கலாம். ஆக, கட்டிய 32 லட்சத்தில் உங்களுக்கென்று மிஞ்சுவது ஒன்றும் இல்லை. இன்றைக்கே விற்றால்? ஷோரூம் விலையில் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 48 லட்சம் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். கடன் பாக்கி சுமார் 54 லட்சம். கையிலிருந்து ஆறு லட்சம் போட வேண்டும். கடனை முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணத்தையும் சேர்த்தால் ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். வலிக்கும் தொகைதான். மூன்று ஆண்டில் 32 லட்சம் போவதற்கு இன்று ஏழு லட்சத்தோடு வெளியேறுவது மேல்.

காரை விற்பதால் தைக்குப் பணம் வந்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஏழு லட்சத்தை வைப்பு நிதியை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தப் பணம் இப்படி ஒரு நாளுக்காகத்தான் இருக்கிறது. மீதி எட்டு லட்சத்தை உடைக்காமல், அதன் பேரில் வங்கியிலேயே கடன் வாங்குங்கள். வைப்புக்கு வரும் வட்டியைவிடப் பொதுவாக 1 முதல் 2 சதவீதமே கூடும், காய் இறங்கியதும் அடைத்துவிடலாம். தை முதல் வைகாசி வரை ஐந்து தவணை கட்டாததால் கையில் நிற்பது 4.4 லட்சம். இந்தப் பருவத்துக்கு, பல ஆண்டாகப் பழகிய தோப்புகளை மட்டும் எடுங்கள். புதிய தோப்பு வேண்டாம்.

வரி மிச்சம் என்ற பேச்சுக்கு வருகிறேன். தொழில் கணக்கில் காட்டினால் காரின் தேய்மானமாக ஆண்டுக்கு 15 சதவீதத்தை வருமானத்தில் கழிக்கலாம், 60 லட்சத்துக்கு 9 லட்சம். அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதிலும் பாதிதான். முழு 9 லட்சத்தையும் ஏற்றுக்கொண்டாலும், புதிய வரி முறையில் 22 லட்சம் வருமானக்காரருக்கு மிச்சமாவது சுமார் 1.75 லட்சம். சொந்த உபயோகத்துக்கு ஓடிய பங்கை அதிகாரி கழித்துவிடுவார். காருக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை, உங்கள் தொழில் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளவும் முடியாது. இதற்காக ஆண்டுக்குப் பத்தரை லட்சம் தவணை கட்டுவது நியாயமில்லை.

இப்போது ஜீப். நீங்கள் அனுப்பிய படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழை மரம் கட்டிய பந்தலின் கீழே, முன்கண்ணாடியை மடக்கி பானெட் மேல் சாய்த்து நிற்கிறது. அந்த பானெட் ஏன் அவ்வளவு உயரம் தெரியுமா? ஜீப் தயாரித்த அமெரிக்க நிறுவனமான வில்லிஸின் ஹரிகேன் பெட்ரோல் இஞ்சின் உயரமானது. அதை அடக்குவதற்காகவே 1953-இல் வந்த சி.ஜே.3பி மாடலில் பானெட்டை உயர்த்தினார்கள். அந்த வடிவத்தைத்தான் மஹிந்திரா இங்கே தொடர்ந்து தயாரித்தது. ஆனால் இரண்டாவது படத்தில் பானெட் திறந்திருக்கிறது, உள்ளே இருப்பது டீசல் இஞ்சின். யாரோ பிற்பாடு மாற்றியிருக்கிறார்கள்.

அது முக்கியமான சேதி. ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, அதிலுள்ள இஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். மாற்றிய இஞ்சின் பதிவாகவில்லை என்றால் தகுதிச் சான்று கிடைக்காது, விபத்து நேர்ந்தால் காப்பீட்டுப் பணமும் சிக்கலாகும். பதிவு காலாவதியாகாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். 15 ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டுக்கு மேற்பட்ட கார், ஜீப்புக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். பசுமை வரி தனி. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு உங்களுக்கு உதவாது. இஞ்சின் மாற்றிய வண்டிக்கு அது கிடைக்காது. கிடைத்தாலும் கண்காட்சிக்கும் பேரணிக்கும் பழுது பார்க்கவும்தான் ஓட்டலாம், தோப்புக்கு ஓட்ட முடியாது.

ரொக்கமாகக் கொடுத்தது தவறு. ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. அபராதம் ரொக்கத்தைப் பெற்றவர் மேல் விழும் என்றாலும், பணம் வந்த வழியை உங்களிடமும் கேட்பார்கள். வங்கியிலிருந்து எடுத்த சான்றைப் பத்திரப்படுத்துங்கள். காரை விற்கும்போது முழுத் தொகையும் வங்கி வழியாகவே வரட்டும்.

இவ்வளவு குறை இருந்தும் ஜீப்பை வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம், விலை விழ வேண்டிய அளவு விழுந்து முடிந்த வண்டி அது. கடன் இல்லை, வட்டி இல்லை. முதலீடு என்று மட்டும் நினைக்க வேண்டாம். இஞ்சின் மாறிய ஜீப்புக்கு சேகரிப்பாளர்கள் பெரிய விலை தர மாட்டார்கள். அப்பாவை முன் சீட்டில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டுவதற்கு ஆறரை லட்சம் அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஊர் என்ன சொல்லும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர் ஏற்கெனவே ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது, உங்கள் காதுக்கு வரவில்லை. காய் வியாபாரிகள் பலரிடம் நான் கண்டது இது: வாசலில் பெரிய கார் நின்றால், வழக்கமாகப் பாதி முன்பணத்துக்குச் சம்மதிக்கிற தோப்புக்காரர் முழுதும் கேட்கிறார். பழைய பாக்கிக்கு ஆனி வரை பொறுத்தவர் மார்கழியிலேயே வந்து நிற்கிறார். மாப்பிள்ளை அழைப்புக்கு உறவினர்கள் காரைக் கேட்கிறார்கள். வாடகையாக ஏதாவது வாங்கிவிட்டால், சொந்த உபயோகக் காப்பீடு அந்தப் பயணத்தில் கைகொடுக்காது. அதே தோப்புக்காரர் உங்களைப் பற்றிப் பிறரிடம் சொல்லும்போது, சொன்ன தேதியில் பணம் வந்ததா என்பதைத்தான் சொல்வார்.

இந்த வாரமே வங்கியில் கடன் முடிப்புக் கணக்கு எழுதி வாங்குங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர்தான். அங்கே இரண்டு இடம், சேலத்தில் ஒன்று என மூன்று விலை கேளுங்கள். கடன் முடிந்ததும் வங்கியின் தடையின்மைச் சான்றும், ஆர்.சி.யில் வங்கியின் பெயரை நீக்குவதற்கான படிவம் 35-உம் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டதோடு விட்டுவிடாதீர்கள். பதிவு, காரை வாங்கியவர் பெயருக்கு மாறும் வரை, அந்த வண்டி மோதினால் இழப்பீட்டுப் பொறுப்பு உங்களுடையது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஜீப்பின் இஞ்சின் எண் ஆர்.சி.யோடு பொருந்தவில்லை என்றால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள். பொருந்துகிறது என்று தெரியும் வரை ஜீப்பைச் சாலையில் எடுக்க வேண்டாம்.