அடுப்படிக் கேள்விகள்: ஒரே சட்டி, இரண்டு தட்டு

கேள்வி: அக்கா, எங்களுக்குக் கல்யாணம் ஆகி ஏழு மாதம் ஆகிறது. டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் ஒரு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அவுட்பில்டிங்கில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு பிளேட் ஸ்டவ், அதில் ஒரு பிளேட்தான் ஒழுங்காகச் சூடாகும். டவுனில் வேலை முடிந்து டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வர ஏழு மணி ஆகிவிடுகிறது. வாரத்தில் மூன்று நாள் வெளியில்தான் வாங்கிச் சாப்பிடுகிறோம், மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. அம்மா சொல்லிக்கொடுத்த சமையல் எல்லாம் பத்துப் பேர் அளவுக்கு. ஒரே சட்டியில், செலவு குறைவாக, இரண்டு பேருக்கு மட்டும் என்ன செய்யலாம்? டின் மீன் வாங்கலாமா என்றால் அவர், “அது இல்லாதவர்கள் வீட்டுச் சாப்பாடு, திடீரென்று யாராவது வந்தால் என்ன நினைப்பார்கள்” என்கிறார்.
(ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்)

பதில்: தங்கச்சி, உங்கள் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சரியாகாவிட்டால் நான் எத்தனை சமையல் குறிப்பு எழுதினாலும் அந்த டின் உங்கள் அலமாரியை விட்டு வெளியே வராது. 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து இறங்கிய நம் முன்னோர்களுக்கும் அவர்களுக்குப் பின்னால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களுக்கும் ரேஷனாகக் கொடுத்தது அரிசி, பருப்பு, கருவாடு. மீனும் சோறும் சேர்த்துச் சாப்பிட்டுத்தான் இந்த ஊரில் நாம் வேர்விட்டோம். மழை பெய்கிற ராத்திரியில் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் போட்டு டின் மீன் சட்னி கொதிக்கிற வாசனை வந்தால், நன்றாக இருக்கிற வீட்டுப் பிள்ளைகளும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். யாராவது திடீரென்று வந்தால் அவர்களுக்கும் ஒரு தட்டு வையுங்கள். உங்கள் வீட்டுக்காரரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

மீனும் லேசுப்பட்டது அல்ல. டின்னில் வரும் பில்சார்ட், ஜூன் ஜூலையில் நம் கடற்கரையோரமாகக் கூட்டம் கூட்டமாக வருகிற சார்டினின் குடும்பம்தான், ஊர்ப்பக்கம் மத்தி என்பார்களே அதற்கும் உறவு. டின்னை மூடிய பிறகும் மீனை வேகவைக்கிறார்கள் என்பதால் நடுமுள்கூட மெத்தென்று இருக்கும், விரலால் நசுக்கினால் மாவாகிவிடும். அதை எடுத்து எறியாதீர்கள், சுண்ணாம்புச் சத்து அதில்தான் இருக்கிறது.

செலவு என்றதால் இன்னொன்றும் சொல்கிறேன். டின் பில்சார்ட், அரிசி, காய்ந்த பருப்பும் பீன்ஸும், முட்டை, பச்சைக் காய்கறி, பிரவுன் பிரெட் இவற்றுக்கெல்லாம் வாட் என்கிற மதிப்புக் கூட்டு வரி கிடையாது. மற்ற பெரும்பாலான சாமான்களுக்கு 15 சதவீதம் போகிறது. வெள்ளை பிரெட்டுக்கு வாட் உண்டு, பிரவுனுக்கு இல்லை, இது நிறையப் பேருக்குத் தெரியாது. டேக்அவேயில் நீங்கள் கொடுக்கும் காசில் அந்த வாட்டும் இருக்கிறது. அதனால் வார நாட்களின் சாப்பாட்டை இந்த வாட் இல்லாத சாமான்களைச் சுற்றியே அமைத்துப் பாருங்கள், தக்காளி, வெங்காயம், கொத்தமல்லியைச் சனிக்கிழமை மார்க்கெட்டில் மொத்தமாக வாங்கிவிடுங்கள்.

இப்போது சட்டி. வாய் அகன்றதாக, அடி கனமாக, பொருத்தமான மூடியோடு இருக்க வேண்டும், கிட்டத்தட்ட ஒரு ஜாண் அகலம் இருந்தால் இரண்டு பேருக்குப் போதும். அம்மாவின் பெரிய பாத்திரத்தில் இரண்டு பேருக்குச் சமைத்தால் மசாலா அடியில் மெல்லிசாகப் பரவி ஒரு நொடியில் கருகிவிடும். குறுகலான ஆழமான பாத்திரத்திலோ வெங்காயம் வதங்குவதற்குப் பதில் தன் தண்ணீரிலேயே வேகும், நிறம் வராது.

வீட்டுக்குள் வந்ததும், உடுப்பு மாற்றுவதற்கு முன்னால், ஒரு கப் அரிசியைக் கழுவி ஊறப் போடுங்கள். மற்ற வேலை முடிவதற்குள் அது ஊறிவிடும். அப்புறம் ஒரு பெரிய வெங்காயம், மூன்று பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாய், இரண்டு தக்காளி, ஒரு உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கைச் சுண்டு விரல் நகம் அளவுக்குப் பொடியாக வெட்டுங்கள். அப்-டு-டேட் என்கிற ரக உருளைக்கிழங்கு கிடைத்தால் அதுதான் இதற்கு நல்லது, உடையாமல் குழம்பை இழுத்துக்கொள்ளும்.

சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், கறிவேப்பிலை. கடுகு வெடித்ததும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒன்றாகப் போட்டு, கொஞ்சம் உப்புத் தூவி, ஐந்தாறு நிமிடம் மூடி வையுங்கள், நடுவில் ஒரு தடவை கிளறினால் போதும். தக்காளியை இந்த நேரத்தில் போடக் கூடாது. தக்காளிப் புளிப்பு சேர்ந்துவிட்டால் உருளைக்கிழங்கு சீக்கிரம் வேகாது, நிறையப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். வெங்காயம் பொன்னிறத்துக்கு வந்ததும் பூண்டு, மிளகாய், அப்புறம் ஒன்றரை டீஸ்பூன் கறி மசாலா, கால் டீஸ்பூன் மஞ்சள். மசாலா போடும்போது தீயைக் குறைத்து ஒரு கை தண்ணீர் தெளித்துவிடுங்கள், அப்போதுதான் அது கருகாமல் எண்ணெயில் வேகும். விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் ‘மாமியார்’ பெயரோடு விற்கிறார்களே, அந்தக் காரப்பொடி உங்களிடம் இருந்தால் அரை டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம், பச்சை மிளகாய் வேறு இருக்கிறது.

இப்போது தக்காளி. அது கரைந்து எண்ணெய் ஓரத்தில் பிரிந்ததும், டின்னில் உள்ள தக்காளிக் குழம்பை மட்டும் ஊற்றுங்கள், மீனைத் தனியாக ஒரு தட்டில் வைத்துவிடுங்கள். டின்னைக் கொஞ்சம் தண்ணீரில் அலசி அதையும் ஊற்றிவிடலாம். குழம்பும் தண்ணீரும் சேர்ந்து இரண்டு கப் வர வேண்டும். கொதித்ததும் ருசி பாருங்கள், டின் குழம்பிலேயே உப்பு இருப்பதால் பார்க்காமல் போட்டால் கரித்துவிடும். ஊறிய அரிசியை வடித்துப் போட்டு, ஒரு தடவை மட்டும் கிளறி, மூடி, தீயைக் குறைத்துவிடுங்கள். பாஸ்மதி என்றால் பதினைந்து நிமிடம். புழுங்கல் அரிசி என்றால் கால் கப் தண்ணீர் கூடுதலாக, இருபத்தைந்து நிமிடம். நடுவில் திறந்து கிளறினால் அரிசி உடைந்து களியாகிவிடும்.

உங்கள் பிளேட் ஸ்டவ்வில் ஒரு வசதி இருக்கிறது. இரும்பு பிளேட் அணைத்த பிறகும் ரொம்ப நேரம் சூடாகவே இருக்கும். அதனால் தண்ணீர் கிட்டத்தட்ட வற்றியதும் ஸ்விட்சை அணைத்துவிட்டு, மீனை மெல்ல இரண்டாகப் பிட்டுச் சோற்றின் மேல் அடுக்கி, கொத்தமல்லி தூவி மூடி, சட்டியை அங்கேயே எட்டு நிமிடம் விட்டுவிடுங்கள். மீன் ஏற்கெனவே வெந்தது, அதற்குச் சூடு ஏறினால் போதும். முதலிலேயே போட்டால் கரைந்து காணாமல் போய்விடும். ப்ரீபெய்டு மின்சாரமும் அந்த எட்டு நிமிடத்துக்கு மிச்சம். பாஸ்மதி என்றால், ஊறப் போட்டதிலிருந்து கணக்குப் பார்த்தால் முக்கால் மணி நேரத்துக்குள் தட்டில் இருக்கும். மேலே கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து, பக்கத்தில் மாங்காய் ஊறுகாய் வைத்துக்கொள்ளுங்கள்.

டின் அளவு முக்கியம். 400 கிராம் டின் இரண்டு பேருக்கு ராத்திரிக்கும், மறுநாள் ஒருவர் மத்தியானத்துக்கும் வரும். மிச்சமே வேண்டாம் என்றால் 215 கிராம் டின் வாங்குங்கள். மீதி மீனை டின்னிலேயே ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், கிண்ணத்துக்கு மாற்றிவிடுங்கள். மிச்சச் சோற்றை ராத்திரி முழுக்க அடுப்பின் மேலேயே விடுகிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது, டர்பன் வெக்கைக்கு அது ஆகாது, ஆறியதும் உள்ளே வைத்துவிட வேண்டும்.

அரிசி போடவும் தெம்பு இல்லாத நாளில் தக்காளி வரைக்கும் இதே மாதிரி செய்து, உருளைக்கிழங்கை விட்டுவிட்டு, குழம்பையும் மீனையும் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விட்டால் சட்னி ரெடி. பிரவுன் பிரெட்டோடு இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். மீனுக்குப் பதில் நாலு முட்டையை உடைத்து ஊற்றி மூடி வைத்தாலும் அருமையாக இருக்கும். வாரத்தில் ஒரு நாள் இது, ஒரு நாள் அது என்று வைத்துக்கொண்டாலே வெளியில் வாங்குவது மூன்றிலிருந்து ஒன்றுக்கு வந்துவிடும்.

கேள்வி: அக்கா, புரட்டாசி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் மீன், கறி, முட்டை கிடையாது. நானும் அம்மாவும் மட்டும்தான். தினமும் பீன்ஸ் கறி செய்ய நேரம் இல்லை. ஒரே சட்டியில் சீக்கிரம் செய்ய ஏதாவது?
(ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்)

பதில்: தம்பி, மசூர் பருப்பு இருக்கும்போது பீன்ஸோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? உடைத்த சிவப்பு மசூர் அரிசி வேகிற நேரத்திலேயே வெந்துவிடும், அதனால் இரண்டையும் ஒன்றாகவே போடலாம். முக்கால் கப் அரிசி, அரை கப் பருப்பு, மூன்றரை கப் தண்ணீர், குழைவாக வரும், அம்மாவுக்கும் மெல்ல எளிதாக இருக்கும்.

ஒரே சட்டியில் தாளிப்புக்கு ஒரு வழி இருக்கிறது. முதலில் அந்தச் சட்டியிலேயே எண்ணெயில் கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய், பூண்டு, கறிவேப்பிலை எல்லாம் தாளித்து, பாதியைக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சத்திலேயே மஞ்சள், அரிசி, பருப்பு, தண்ணீர் போட்டு மூடுங்கள். பருப்பு வெந்து மசிகிற பதத்தில் ஒரு கட்டுக் கீரையை நறுக்கிப் போட்டு, தக்காளியும் உப்பும் சேர்த்து ஐந்து நிமிடம். புளிப்பு பருப்பையும் வேகவிடாது என்பதால் தக்காளி எப்போதும் கடைசியில். இறக்கியதும் எடுத்து வைத்த தாளிப்பை மேலே கொட்டுங்கள், வாசனை அப்படியே இருக்கும். வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ உங்கள் சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட் பக்கம் போனால் கீரைக் கட்டு நாலு வாங்கிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், நாலைந்து நாள் தாங்கும்.

கேள்வி: உங்கள் அளவுப்படி செய்தால் டர்பனில் என் அக்கா வீட்டில் சோறு நன்றாக வருகிறது, எங்கள் வீட்டில் அரிசி நறுக்கென்று நிற்கிறது. அடுப்பை மாற்ற வேண்டுமா?
(ஒரு வாசகி, லெனேஷியா)

பதில்: அடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது அம்மா, ஊர்தான் உயரத்தில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,700 மீட்டர் உயரம். டர்பனில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது, உங்கள் ஊரில் 94, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த சட்டியில் அதற்கு மேல் சூடு ஏறாது, தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும். அரிசியை அரை மணி நேரம் கட்டாயம் ஊற வையுங்கள், ஒரு கப் அரிசிக்குக் கால் கப் தண்ணீர் கூடுதலாக விடுங்கள், மூடிக்குக் கீழே சுத்தமான துணி ஒன்றைக் கட்டி நுனியை மேலே மடித்துவிட்டால் ஆவி வெளியே போகாது, நேரத்தையும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். துவரம்பருப்புக்கு மட்டும் பிரஷர் குக்கர் வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் உயரத்தில் அது இல்லாமல் துவரை மசிய ரொம்ப நேரம் ஆகும்.