வத்தைப் பலகையில் அப்பாவுக்கு ஒரு பேனா
வாசகர் கேள்வி – பதில்

மரப் பேனா செய்வது பற்றி ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கடல் காற்றும் உப்பும் வேலையை மாற்றிவிடும் இடங்களை மட்டும் விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: அப்பா கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அவருடைய பழைய வத்தையை (மரப் படகை) உடைத்தபோது ஒரு பலகைத் துண்டை எடுத்து வைத்தேன். அதில் பேனா செய்து அவர் கையில் கொடுக்க ஆசை. இத்தனை வருடம் கடலில் கிடந்த மரம் பேனாவுக்குத் தாங்குமா?
– வாசகர், பாம்பன்

பதில்: தாராளமாகத் தாங்கும். கடலில் உழைத்தும் உளுத்துப் போகாத பலகை என்றால் அது நல்ல மரம்தான். ஆனால் ஆணி, எண்ணெய், உப்பு மூன்றையும் தீர்க்காமல் அறுக்கவோ துளைக்கவோ தொடங்காதீர்கள்.

முதலில் ஆணி. காந்தத்தைப் பலகை முழுக்க ஓட்டிப் பாருங்கள். செம்பு, பித்தளை ஆணிகள் காந்தத்தில் ஒட்டாது. பச்சைக் கறை தெரியும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். இரும்பு ஆணி இருந்த இடத்தில் மரம் கருத்திருக்கும். துரு மிச்சமில்லாமல் கருப்பு மட்டும் இருந்தால் அதை ஒதுக்க வேண்டாம். பேனா உடலில் அந்தக் கருங்கோடு மிக அழகாக வரும், அது எந்த ஆணி என்றுகூட உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்தது எண்ணெய். வத்தைக்குப் பூசிய மீனெண்ணெய் மேல்பரப்பில் ஊறியிருக்கும். அங்கே பசையும் பிடிக்காது, பாலிஷும் காயாது. இரண்டு முகத்திலும் 3, 4 மி.மீ. சீவித் தள்ளிவிட்டு, உள்மரத்திலிருந்து 20 மி.மீ. சதுரத்தில், 140 மி.மீ. நீளத்தில் நாலைந்து கட்டைகள் எடுங்கள். ஒன்று போதுமே என்று நினைக்க வேண்டாம். முதல் கட்டை பெரும்பாலும் துளை போடும்போதே போய்விடும்.

உப்புதான் பெரிய எதிரி. மரத்துக்குள் இருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பாலிஷ் மங்கும், பேனா மரத்துக்குள் ஒட்டும் பித்தளைக் குழாய் பச்சை பூக்கும். அறுத்த கட்டைகளை நல்ல தண்ணீரில் ஒரு வாரம், பத்து நாள் மூழ்கப் போட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். நம் பக்கம் கிணற்று நீர் பல இடங்களில் உவர் என்பதால் மழைநீரோ குடிநீரோதான் உதவும். உப்பு இறங்கிவிட்டதா என்று பார்க்க, ஊறிய தண்ணீரில் ஒரு சொட்டையும், பக்கத்தில் புதுத் தண்ணீரில் ஒரு சொட்டையும் எவர்சில்வர் தட்டில் வைத்துக் காயவிடுங்கள். ஊறிய நீர் விட்ட வெள்ளைத் தடம் மற்றதைவிடத் தடிப்பாக இருந்தால் இன்னும் ஊற வேண்டும்.

பிறகு இரு முனைகளிலும் மெழுகு தடவி நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வைத்தால் வெடிக்கும். கிராம் கணக்கு காட்டும் சின்னத் தராசில் வாரம் ஒரு முறை நிறுத்து எழுதி வையுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறவில்லை என்றால்தான் துளை போடலாம். பசை போடும் முன் துளையின் உட்புறத்தை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: வாப்பாவுக்குக் கை லேசாக நடுங்கும். கடைக் கணக்கு எழுத அவருக்கு எந்த மாதிரி பேனா கிட் (மரம் தவிர்த்த பேனாப் பாகங்களின் தொகுப்பு) வாங்கலாம்?
– வாசகி, கீழக்கரை

பதில்: விலை மலிவு என்பதால் பெரும்பாலானவர்கள் முதலில் வாங்குவது 7 மி.மீ. குழாய் வரும் ஸ்லிம்லைன் கிட். உங்கள் வாப்பாவுக்கு அது வேண்டாம். ஒல்லியான பேனாவை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், கை சீக்கிரம் சோர்ந்துபோகும். அதோடு அதற்கு கிராஸ் வகை ரீஃபில் தேவை. பல ஊர்க் கடைகளில் அது கிடைக்காது. ரீஃபில் கிடைக்காமல் மேஜை டிராயரில் தூங்கும் பேனாவை எதற்குச் செய்வது? பார்க்கர் வகை ரீஃபில் ஏற்கும், ஒரே குழாய் உள்ள தடித்த கிட்டாகக் கேட்டு வாங்குங்கள். விரல் பிடிக்கும் இடம் 12, 13 மி.மீ. இருக்கட்டும். மூடியைத் திருகித் திறக்கும் மாதிரி நடுங்கும் கைக்குத் தொல்லை, திருப்பினால் முனை வெளிவரும் மாதிரி போதும். மலிவான தங்க முலாம் கடற்கரை வியர்வையில் சீக்கிரம் உரியும் என்பதால் குரோம் முலாம் எடுங்கள்.

கேள்வி: என்னிடம் லேத் இல்லை. கடைசல் பட்டறையில் கொடுத்துச் செய்யலாமா? அவர்களிடம் என்ன சொல்ல வேண்டும்?
– வாசகர், தொண்டி

பதில்: செய்யலாம். கட்டில் கால் கடைபவருக்குப் பேனா கஷ்டமான வேலை அல்ல, அளவுதான் பொடி. கிட்டையும் அதற்குரிய புஷ்களையும் (கடையும்போது கட்டையின் இரு முனையிலும் மாட்டும் உலோக வளையங்கள்) சேர்த்தே கொண்டுபோங்கள். எந்த விட்டம் வரை கடைய வேண்டும் என்பதற்கு அந்தப் புஷ்தான் அளவு.

கட்டையைக் குழாயைவிட 4, 5 மி.மீ. நீளமாக வெட்டித் துளை போடச் சொல்லுங்கள். டிரில் பிட் மறுபக்கம் வெளிவரும்போதுதான் மரம் சிதறும். அதனால் கடைசி வரை துளைக்காமல் நிறுத்தி, அந்த முனையை ரம்பத்தால் அறுத்துத் துளையைத் திறப்பது நல்லது. நிதான வேகத்தில், ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் பிட்டை வெளியே இழுத்துத் தூளைத் தட்ட வேண்டும். கருகல் வாடை வந்தால் உள்ளே சூடாகி மயிரிழை வெடிப்பு விழுந்திருக்கலாம். குழாய் தானாக வழுக்கி இறங்கும் அளவுக்குத் துளை இருக்கட்டும். சுத்தியலால் தட்டி இறக்கும் நிலை வந்தால் அன்றைக்கே இல்லாவிட்டாலும் பிறகு பிளக்கும்.

ஒட்டும் வேலையை நீங்களே வீட்டில் செய்யலாம். குழாயின் வெளிப்புறத்தை 150 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, வாயை மெழுகால் அடைத்து, அரால்டைட் பசை தடவிச் சுழற்றிக்கொண்டே உள்ளே விடுங்கள். ஓர் இரவு அப்படியே இருக்கட்டும். பிறகு முனைகளைக் குழாயோடு சமமாக, சரியான செங்கோணத்தில் தேய்க்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் உலோகமும் மரமும் சேரும் மூட்டில் இடைவெளி தெரியும், எந்தப் பாலிஷும் அதை மறைக்காது.

பேனாவுக்கான மாண்ட்ரல் (கட்டையைக் கோத்து லேத்தில் மாட்டும் கம்பி) பட்டறையில் இல்லையென்றால், புஷ்ஷின் துளைக்குப் பொருந்தும்படி ஒரு இரும்புக் கம்பியை அவர்களே கடைந்துகொள்ளலாம். அதன் நட்டை அளவுக்கு மேல் இறுக்கக் கூடாது. இறுக்கினால் கம்பி வளைந்து, பேனாவின் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்துபோகும். கூரான உளி, மெல்லிய சீவல். புஷ் மட்டத்துக்குக் கொஞ்சம் முன்னே உளியை நிறுத்திவிட்டு, மீதியை 220, 320, 400 என்று உப்புத்தாளால் இறக்கலாம். ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் லேத்தை நிறுத்தி, மரத்தின் வரியோடு நீளவாக்கில் ஒரு முறை தேய்த்தால்தான் வட்டக் கீறல் போகும்.

கேள்வி: கார்த்திகையில் அம்மாவுக்காகச் செய்த பேனா சித்திரையில் நீளவாக்கில் வெடித்துவிட்டது. பசை சரியில்லையா?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: பசை பாவம். மழைக்காலத்தில் ஈரத்தோடு இருந்த மரம் கோடையில் சுருங்கியது. உள்ளே இருக்கும் பித்தளைக் குழாய் சுருங்காது. சுருங்க இடமில்லாத மரம் வெடித்துத்தான் ஆகும். மயிரிழை வெடிப்பு என்றால் அதே மரத்தின் தூளை அதில் அடைத்து, நீர்த்த உடனடிப் பசையை (ஃபெவிக்விக் வகை) ஒரு சொட்டு விட்டுத் தேயுங்கள். நகம் மாட்டும் அளவுக்கு வெடித்திருந்தால் உலோகப் பாகங்களைக் கழற்றிப் புது மரத்துக்கு மாற்றுவதே நல்லது. புதுக் குழாய் மட்டும் வாங்கினால் போதும். கட்டையைப் பங்குனி, சித்திரையில் எடை மாறாத நிலைக்குக் காயவைத்து, மழை தொடங்கும் முன் செய்து முடியுங்கள்.

கேள்வி: சீமைக் கருவேலம், பனை, பூவரசு மூன்றும் கிடைக்கிறது. எதில் செய்யலாம்? பவளப்பாறைத் துண்டு பதிக்கலாமா?
– வாசகர், சாயல்குடி

பதில்: முதல் பேனாவுக்குப் பூவரசு. அதன் வைரம் (முற்றிய நடுமரம்) நல்ல அடர் பழுப்பு, கடைசலுக்கு இணங்கும். எல்லாரும் வெறுக்கும் சீமைக் கருவேலமும் பேனாவுக்கு அருமையான மரம். கெட்டியானது, காய்ந்தபின் அதிகம் அசையாது. கரிமூட்டத்துக்குப் போகும் பருத்த கட்டையில் சிவந்த வைரத்தை மட்டும் எடுங்கள். நடுத்தண்டு வரும் துண்டை ஒதுக்குங்கள், அங்கேதான் வெடிக்கும். தூள் மூக்கை எரிக்கும், முகக்கவசம் கட்டாயம்.

பனைக்குப் பச்சை மரத்தைத் தொட வேண்டாம். பழைய வீடு பிரிக்கும்போது கிடைக்கும் பனங்கையே (கூரைக்குப் போட்ட பனஞ்சட்டம்) போதும். அதன் கருநார்கள் உளியில் பிய்ந்துகொண்டு வரும். கடைந்துகொண்டிருக்கும்போதே இரண்டு மூன்று முறை நீர்த்த உடனடிப் பசையை ஊட்டி நாரைப் பிடித்து நிறுத்த வேண்டும். உளி சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி தீட்டுங்கள்.

பவளம் கூடவே கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்கும் உயிரினம் அது. கரையில் ஒதுங்கிய துண்டானாலும் கையை வைக்காதீர்கள். காரங்காடு அலையாத்திக் காட்டிலும் ஒரு குச்சி ஒடிக்கக் கூடாது.

கேள்வி: பளபளப்புக்காக ஃபெவிக்விக் பூசினேன், வெள்ளை பூத்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவினால் சரியாகுமா?
– வாசகி, மண்டபம்

பதில்: ஆகாது. தேங்காய் எண்ணெய் காய்ந்து கெட்டிப்படாத எண்ணெய். பிசுபிசுப்பும் சிக்கு வாடையும்தான் மிஞ்சும். உடனடிப் பசை காற்றின் ஈரத்தை வைத்தே இறுகுகிறது. ஈரம் அதிகமான நாளில் அவசரமாக இறுகி வெளுக்கிறது. வெளுத்த படலம் போகும்வரை 400 நம்பரில் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு, வறண்ட நாளில் உச்சி வெயில் நேரத்தில் மறுபடி பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக, ஒன்று காய்ந்தபின் அடுத்தது என்று ஆறேழு பூச்சு. தாள் துண்டால்தான் பூச வேண்டும். பஞ்சிலோ பருத்தித் துணியிலோ இந்தப் பசை ஊறினால் சட்டென்று சூடேறிக் கையைச் சுட்டுவிடும். சன்னலைத் திறந்து வையுங்கள், ஆவி கண்ணைக் கரிக்கும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் வேக வைத்த ஆளிவிதை எண்ணெயை மூன்று நாள், நாளுக்கு ஒரு கை, தேய்த்துத் துடைத்து, மேலே தேன்மெழுகு போடலாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள். சுருட்டினால் தானே தீப்பிடிக்கக்கூடும். அரக்குப் பாலிஷ் பார்க்க அழகுதான், ஆனால் சானிட்டைசரோ சென்ட்டோ பட்ட கையால் பிடித்தால் கரைந்து ஒட்டும்.