ஆங்கிலத்தில் ‘ப்ரிஃபர்’ (prefer) வந்தால் ‘தேன்’ (than) போடலாமா?

போடக்கூடாது, ‘டு’ (to) தான். கிண்டி நேர்காணலுக்கு நீங்கள் எழுதி வைத்திருக்கும் ‘ஐ ப்ரிஃபர் ட்ரெயின்ஸ் தேன் பஸஸ்’ பிழை. ‘ஐ ப்ரிஃபர் ட்ரெயின்ஸ் டு பஸஸ்’ என்று மாற்றுங்கள்.

குற்றவாளி பெரும்பாலும் நம் ‘விட’. ‘பஸ்ஸை விட ரயில் பிடிக்கும்’ என்று மனம் தமிழில் நினைக்கிறது. ‘விட’ என்றாலே ‘தேன்’ என்று பள்ளியில் படிந்த பழக்கம் நாக்குக்கு வந்துவிடுகிறது. இங்கே அந்தத் தேன் இனிக்காது.

சோதித்துப் பாருங்கள்: வாக்கியத்தில் ‘பெட்டர்’ அல்லது ‘ராதர்’ இருக்கிறதா? இருந்தால் ‘தேன்’ வரலாம். ‘ஐ லைக் ட்ரெயின்ஸ் பெட்டர் தேன் பஸஸ்’, ‘ஐ உட் ராதர் வாக் தேன் வெயிட்’ இரண்டும் சரி.

ஒரு சிக்கல் உண்டு. ‘ஐ ப்ரிஃபர் டு வாக்’ என்று வினையோடு தொடங்கிவிட்டால், அடுத்து ‘ராதர் தேன் வெயிட்’ என்றே முடிக்க வேண்டும். அங்கே ‘டு வெயிட்’ என்றால் வாக்கியம் நொண்டும்.